இரண்டாவது தொட்டி

(மகாடு குடிநீர்ப் போராட்ட நினைவுநாளையொட்டி ஒரு காலனித் திடலில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, தாய்மார்களே, பின்னால் மதகுச் சுவரில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளே,

பொதுவாழ்வில் தீண்டாமை, நேற்றும் இன்றும் என்று நோட்டீஸில் எனக்குத் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. பேச ஆரம்பித்தால் ஒரு ராத்திரி போதாது. அதனால் நான் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'பொது' என்கிற சொல். பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுக் குழாய் என்கிறோம். இந்தப் பொதுவுக்குள் நாம் எப்போது நுழைந்தோம், நுழைந்ததும் அந்தப் பொதுவை என்ன செய்தார்கள் என்பதுதான் பேச்சு. கடைசியில் இந்தக் காலனிக்கு வரப்போகிற தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் பேசுவேன். அதைப் பேசாமல் மகாடைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் பஸ் ஏறினால் ஒரு பிரயோசனமும் இல்லை.

முதலில் மகாடு. 1923 ஆகஸ்ட் 4ஆம் தேதி பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் கட்டிய, அரசுப் பணத்தில் பராமரிக்கிற குளம், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தீண்டப்படாத மக்கள் பயன்படுத்தலாம் என்பது தீர்மானம். சபை ஏற்றுக்கொண்டது. 1924 ஜனவரியில் மகாடு முனிசிபாலிட்டி தன் ஊரிலிருந்த சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. போட்டதோடு சரி. மூன்று வருஷம் நம் ஆட்களை ஒரு கை தண்ணீர் அள்ள விடவில்லை. அதே குளத்தில் முஸ்லிம்கள் தண்ணீர் எடுத்தார்கள். ஆடு மாடு குடித்தது.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாடில் மாநாடு. இருபதாம் தேதி அண்ணல் அம்பேத்கர் முன்னால் நடக்க, ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். 'கோயிலுக்குள்ளேயும் நுழையப் போறாங்க' என்று வதந்தியைக் கிளப்பிவிட்டு, சாப்பிட உட்கார்ந்திருந்த சனங்களை அடித்தார்கள். பிறகு நூற்றெட்டுக் குடத்தில் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். ஆகஸ்ட் மாதம் முனிசிபாலிட்டி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடியும் போனபோது கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள். அந்த டிசம்பர் 25ஆம் தேதிதான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1937 மார்ச் 17ஆம் தேதி பம்பாய் ஹைகோர்ட்டில் நம் பக்கம் தீர்ப்பானது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம்.

இந்த வழக்கில் எதிர்த்தரப்பு என்ன வாதாடியது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 'இது பொதுக் குளமே கிடையாது, சாதி இந்துக்களுக்குச் சொந்தமான குளம்' என்று வாதாடியது. ஊர் முழுக்கக் குடிக்கிற குளம், முனிசிபாலிட்டி பார்த்துக்கொள்கிற குளம். நாம் இறங்கியதும் திடீரென்று தனியார் சொத்தாகிவிட்டது. தோழர்களே, இதைத் தனியாகக் குறித்து வையுங்கள். நாம் உள்ளே வந்தால் 'பொது' அங்கிருந்து எழுந்து போய்விடும். நூறு வருஷமாக இந்த நாட்டில் நடப்பது இதுதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். இங்கே வேறொரு தந்திரம் இருந்தது. 1892இல் சென்னை மகாஜன சபையில் அயோத்திதாச பண்டிதர் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். கூட்டத்தில் வந்த பதில் என்ன தெரியுமா? உங்களுக்குத்தான் மதுரைவீரன் முதலான சாமிகள் தனியாக இருக்கின்றனவே என்பது. பண்டிதர் விடவில்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுங்கள், தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்று திருப்பிக் கேட்டார். 'உங்களுக்குத்தான் தனியா இருக்கே.' இந்த வாக்கியத்தை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? கிணறு தனியா இருக்கே, டேங்க் தனியா இருக்கே, சுடுகாடு தனியா இருக்கே, அப்புறம் ஏன் இங்க வர்றீங்க? இந்தக் கேள்விக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, அரசு அலுவலகம், கிணறு, குளம் எதிலும் எந்தச் சாதியாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வருஷமே அரசாணையும் வந்தது. 1938இல் எம்.சி. ராஜா முயற்சியால் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசியல் சட்டம். அதில் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று எல்லோருக்கும் தெரியும். 15ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவை யாரும் சொல்வதில்லை. கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அரசுப் பணம் போகிற எந்த இடத்திலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் அதைத் திருத்தியபோது சுடுகாடு, தண்ணீர்க் குழாய், பாதை, பஸ் எல்லாம் சட்டத்துக்குள் பெயர் சொல்லியே வந்தன. சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் இந்தச் சட்டங்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அரசாங்கத்தின் இன்னொரு கை வேறொரு வேலையைச் செய்தது. 1920 வாக்கில் தொடங்கிய லேபர் டிபார்ட்மெண்ட் நம் மக்களுக்காக என்று ஏற்பட்டது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட மாட்டேன் என்று ஊர்க்காரன் சொல்கிறான். அவனைக் கேட்க வேண்டிய சர்க்கார், சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்கிறான். தனிப் பள்ளிக்கூடம் திறந்தது. சுடுகாட்டுக்குத் தனி இடம், தனிப் பாதை. நம் சனங்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் பிழைத்தார்கள், அந்தப் பள்ளியில்தான் படித்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. இந்த இலாகா 1949இல் அரிஜன நலத்துறை ஆனது, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது. அந்தப் பள்ளிகளின் வழியில் வந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்றும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

என்ன நடந்தது என்று பாருங்கள். முன்பு சேரியைத் தனியாக வைத்தது ஊர். சம்பிரதாயம் என்று சொல்லி வைத்தது. பிறகு அதே தனியை சர்க்கார் கட்டிக் கொடுத்தது, நலத்திட்டம் என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தது. மண் சுவர் போய் சிமெண்ட் சுவர் வந்தது. 1978இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள், அரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம். வீட்டுமனை இல்லாத நமக்கு மனை கிடைத்தது இந்தச் சட்டத்தால். நல்லதுதான். ஆனால் அந்த மனைகளைப் போய்ப் பாருங்கள். ஊரிலிருந்து விலகி, ஏரிக்கரைப் பள்ளத்தில், சுடுகாட்டை ஒட்டி, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தில் இருக்கும். ஊருக்குள் ஒரு மனை எடுத்துத் தாருங்கள் என்று எவராவது கேட்டால், 'சட்டம் ஒழுங்குப் பிரச்சனை வரும்' என்பார்கள். சேரி என்ற பழைய பெயரை எடுத்துவிட்டுக் காலனி என்று போர்டு வைத்தார்கள். அந்தக் காலனியும் வசைச் சொல்லாகிப் போனது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். சொல் போகட்டும், சந்தோஷம். அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது மாறவில்லையே?

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு நாளைக்கு எத்தனையோ படிவங்கள் என் கையில் வரும். பெயர்ப் பக்கத்தில் சாதி எழுதுவதை விட்டு நம் மாநிலத்தில் ரொம்ப காலமாகிறது. அதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை. முகவரி வரிக்கு வாங்க. பின்கோடு ஒன்று, தபால் ஆபீஸ் ஒன்று, பஞ்சாயத்து ஒன்று. ஒருத்தருக்கு 'மேலத்தெரு', இன்னொருத்தருக்கு 'காலனி'. கடன் மனுவைக் கையில் வாங்குகிற எவனுக்கும் ஆள் யார் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும். வேலைக்கு மனுப் போடுகிற பையனுக்கும், டவுனில் வாடகைக்கு வீடு கேட்கிற பெண்ணுக்கும் இதே கதைதான். பெயரிலிருந்து சாதியை எடுத்தோம். அது தெருவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைப் போல ஒரு பொது இடம் வேறு கிடையாது. காசு கொடுத்தால் சீட்டு. ஆனால் தொடக்க காலத்தில் தென் மாவட்டங்களில் தனியார் பஸ் முதலாளிகள் நம் சனங்களை ஏற்றவில்லை. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் இருக்காது என்று உத்தரவு போட்டார். ஏற்றினார்கள். லைசென்ஸ் போய்விடும் என்றால் தீட்டு போய்விடுகிறது, பார்த்தீர்களா! ஆக இது மனம் திருந்துகிற விஷயம் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதிகாரத்தில் இருக்கிறவன் நினைத்தால் ஒரு உத்தரவில் நடக்கும்.

அதே தென் மாவட்டத்தில் 1997இல் என்ன நடந்தது? அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் தலைவர்கள் பெயர் வைத்திருந்த காலம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதுக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். எல்லாச் சாதித் தலைவர் பெயரிலும் பஸ் ஓடியது, யாருக்கும் வலிக்கவில்லை. ஒரு தலித் வீரன் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம். கடைசியில் அரசாங்கம் என்ன முடிவு எடுத்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. சமத்துவமாம்! நம் பெயர் உள்ளே வந்ததும் பெயர் வைக்கிற வழக்கமே எழுந்து போய்விட்டது. சவுதார் குளம் ஞாபகம் வருகிறதா? அதே 1997 ஜூன் 30ஆம் தேதி, மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தனித் தொகுதியான பஞ்சாயத்தில் நின்று ஜெயித்ததுதான் குற்றம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996லிருந்து பத்து வருஷம் தலைவர் நாற்காலியில் நம் ஆள் உட்கார முடியவில்லை. 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. பஞ்சாயத்து ஆபீஸும் ஒரு பொது இடம்தானே?

சுவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவர் பத்தொன்பது வருஷம் நின்றது. 2008 மே 6ஆம் தேதி அதிகாரிகள் முன்னிலையில் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். அதற்கு எதிர்த்தரப்பு என்ன செய்தது? ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்துக்குப் போனார்கள். நாம் நடக்கிற பாதை இருக்கிற ஊரில் இருக்க மாட்டார்களாம்.

சாவுக்குப் பிறகாவது விடுகிறார்களா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் ஒரு பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் வழி விடவில்லை. அந்தப் படத்தை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அரசுத் தரப்பு சொன்ன பரிகாரம், அந்த மக்களுக்கு வேறு இடத்தில் தனிச் சுடுகாடு. அப்போது நீதிபதிகள் கேட்ட கேள்வி முக்கியமானது. தனிச் சுடுகாடு ஒதுக்குவதன் மூலம் அரசே இந்தப் பாகுபாட்டை வளர்க்கிறதா என்று கேட்டார்கள். நாம் நூறு வருஷமாகக் கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்கு நீதிமன்றம் கேட்டது.

அடுத்தது வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டத்தில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே தெரிந்தது. பிள்ளைகளுக்கு வாந்தி பேதி வந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்க வந்த கலெக்டர் கண் முன்னாலேயே டீக்கடை இரட்டைக் குவளையும், அய்யனார் கோயிலில் நுழைய விடாத வழக்கமும் அம்பலமாயின. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டபோது, பாதிக்கப்பட்ட பக்கத்து இளைஞர்கள் மூன்று பேர் பெயரையே சேர்த்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நான் இன்றைக்கு வேறொன்று கேட்கிறேன். அந்தத் தொட்டி ஏன் தனித் தொட்டியாக இருந்தது? ஊர் மொத்தமும் அதே தொட்டியில் குடித்திருந்தால், அந்தத் தண்ணீரைக் காவல் காக்க ஊர் மொத்தமும் நின்றிருக்கும். நாலு வீடு மட்டும் குடிக்கிற தொட்டிக்கு, அந்த நாலு வீட்டைத் தவிரக் காவல் யாருமில்லை.

இந்த மாதிரித் தடயங்கள் இன்னும் எத்தனையோ. இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். சில கடைகளில் போய்ப் பாருங்க. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குப் பேப்பர் கப். கேட்டால் 'சுத்தம், சுகாதாரம்' என்பான். சுகாதாரம் நமக்கு மட்டும்தானா, அண்ணே?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இதையே சட்டமாக வைத்திருந்தார்கள். 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி தனித்தனியாக இருக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்பு சொன்னது. ஐம்பத்தெட்டு வருஷம் போராடி 1954இல்தான், பள்ளிக்கூடத்தில் தனி என்றாலே அது சமம் கிடையாது என்ற தீர்ப்பை வாங்கினார்கள். மாண்ட்கோமரி நகரத்தில் பஸ்ஸைப் புறக்கணித்து 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள். ஜெயித்தார்கள். அதே நகரத்தில் பூங்காவையும் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று வந்தபோது, 1959இல் நகர சபை பூங்காக்களையே இழுத்து மூடிவிட்டது! வெள்ளைக்காரப் பிள்ளைகளும் விளையாட இடமில்லாமல் போகட்டும், கறுப்புப் பிள்ளை உள்ளே வரக்கூடாது. எங்கேயும் ஒரே புத்திதான். 1946இலேயே அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் என்றால், இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் எழுதினார். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே போர்டு எழுதி மாட்டினார்கள். இங்கே போர்டு இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது போர்டு இல்லாமலே நமக்குத் தெரியும்படி வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

இங்கே படித்த தம்பிகள் ஒரு கேள்வி கேட்பீர்கள். அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டாரே? ஆமாம், கேட்டார். 1942இல் நாகபுரி மாநாட்டில் நம் மக்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு தனி வாக்காளர் தொகுதி கேட்டவரும் அவர்தான். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினாரே, அதுவும் தனிதானே? இந்த இரண்டு 'தனி'க்கும் உள்ள வித்தியாசத்தை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அண்ணல் கேட்ட தனிக் கிராமம் என்பது நிலத்தோடு கூடியது. ஊர்க்காரன் வரப்பில் கூலிக்கு நிற்காமல், சொந்தக் காலில் நிற்கிற கிராமம். சகஜானந்தர் பள்ளியில் படித்தவன் வெளியே வந்து தாசில்தார் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தத் தனி நம் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது. ஊர் கொடுக்கிற தனி அப்படிப்பட்டதா? கூலிக்கு அவன் வயலுக்கே போக வேண்டும், தண்ணீர் மட்டும் தனியாகக் குடிக்க வேண்டும். நம் உழைப்பு அவனுக்கு வேண்டும், நம் குடம் அவன் குடத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு தனி வந்தால் யார் கை பலப்படுகிறது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே போதும் பிரித்துப் பார்க்க.

சரி, நம்ம தொட்டிக்கு வருவோம். யூனியன் ஆபீஸில் காலனிக்கு ஒரு புதுத் தொட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே ஒரு பகுதிநேர ரேஷன் கடையும். சந்தோஷமான செய்தி மாதிரித்தான் இருக்கிறது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்கள். 'தம்பி, நீ பேசிட்டுப் போயிடுவ. ஒத்தக் குடம் தண்ணிக்கு நான் விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிக்கிறேன். தொட்டி தனியா இருந்தா என்ன, கூட இருந்தா என்ன, தண்ணி வந்தாப் போதாதா?' நியாயமான கேள்வி. குடம் தூக்காத ஒருத்தன் மைக் பிடித்துக்கொண்டு தொட்டி வேண்டாம் என்று சொன்னால் அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

தொட்டி வரட்டும், கட்டாயம் வரட்டும். அதிலிருந்து குழாய் எங்கே போகிறது என்பதுதான் நம் கேள்வி. பழைய தொட்டி ஊர் நடுவில் இருக்கிறது. அதிலிருந்து வருகிற கடைசிக் குழாய் நம்முடையது, அதனால் தண்ணீர் ஏறுவதில்லை. ஆனால் நமக்கு மட்டுமா ஏறவில்லை? மேலத்தெருக் கடைசியில் இருக்கிற இரண்டு வரிசை வீடுகளுக்கும் ஏறவில்லை. அந்த வீட்டுப் பெண்களும் குடத்தோடுதான் நிற்கிறார்கள். அப்படியானால் புதுத் தொட்டியை நமக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவிலிருக்கிற புறம்போக்கில் கட்டச் சொல்லுவோம். அதிலிருந்து நமக்கும் குழாய், அந்த இரண்டு வரிசைக்கும் குழாய், பள்ளிக்கூடத்துக்கும் குழாய். தண்ணீர் ஒருநாள்கூடத் தாமதமாகாது. பெரியம்மாவுக்கும் தண்ணீர் வரும், தொட்டிக்கும் ஊர்க் காவல் வரும். ரேஷன் கடையும் அப்படியே. தனிக் கடை என்றால் கடைசியாக லாரி வருகிற கடை, மீந்த அரிசி வருகிற கடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கடை, ஒரே வரிசை. இருக்கிற கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

'ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்க' என்பார்கள். ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நம் தொட்டியிலிருந்து வருகிற குழாயை அடைத்துவிட்டுப் பழைய குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிடிப்போம் என்றுகூடச் சொல்லலாம். அது அவர்கள் பாடு. நடவு வேலைக்குக் கூப்பிட மாட்டேன், கறவை மாட்டுக் கடனைத் திருப்பிக் கொடு என்று மிரட்டலும் வரலாம். அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் இதை ஒருத்தர் இரண்டு பேர் பேசக் கூடாது, எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். முடிவெடுக்க வேண்டியது நீங்கள். இங்கே இருந்து தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் நீங்கள்தான்.

ஆனால் அரசாங்கத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்க உரிமை கிடையாது. தொட்டிக்குப் பணம் அவன் அப்பன் வீட்டிலிருந்து வரவில்லை. நாம் வாங்குகிற தீப்பெட்டியில், சோப்பில் கட்டுகிற வரியிலிருந்தும் வருகிறது. இந்த அரசுக்குச் சேர்த்து வாழ வைக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறந்தார்கள். நூறு வீட்டில் நாற்பது நமக்கு, அறுபது மற்றச் சாதிகளுக்கு. ஒரே சுடுகாடு, ஒரே தண்ணீர். அந்த மாதிரி இருநூறுக்கு மேல் கட்டினார்கள். சமத்துவபுரத்தில் ஒரே தொட்டி வைக்க முடிகிற அரசாங்கத்துக்கு, பக்கத்து ஊரில் மட்டும் ஏன் இரண்டு தொட்டி தேவைப்படுகிறது? சமத்துவத்துக்கும் தனியாக ஒரு காலனி கட்டிவிட்டு, மற்ற ஊர்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஒன்று, புதுத் தொட்டியின் எஸ்டிமேட்டையும் குழாய் வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு இல்லை, ஏன் என்று எழுத்தில் பதில் வரட்டும். இரண்டு, வருகிற தண்ணீர் தினக் கிராம சபைக்குப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு போக வேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும். மேலத்தெருக் கடைசி வரிசைப் பெண்களிடமும் முன்கூட்டியே பேசிப் பாருங்கள், வந்தால் வரட்டும். மூன்று, மனு எழுதும்போது 'காலனிக்கு ஒரு தொட்டி' என்று எழுதாதீர்கள். 'எங்கள் ஊராட்சிக்கு ஒரு தொட்டி' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே எந்தெந்தத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். முதலில் நம் தெரு.

மனுவை இரண்டு படி எழுதி அந்த மேசையில் வைத்திருக்கிறது. தம்பிகள் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். பிடிக்காத வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை டப்பா இருக்கிறது.

ஜெய்பீம்.